இரட்டைக் குளம்புக் கூடம்

திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம் இருந்தபோது ஒட்டகம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கண்ணே!" காப்பாளர் போனைப் பொத்திக்கொண்டு கத்தினார். "அதுவும் உள்ளதானாம்."

"நீங்கதானே சார், இதுக்குக் குளம்பு இல்ல, பாதத்துல வெறும் மெத்தைன்னீங்க?" என்றார் தச்சர்.

"விரல் ரெண்டு இருக்குல்ல, அது போதுமாம்."

பாடம் செய்த ஒட்டகம் திரும்பி வந்தது. இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கென்று அருங்காட்சியகத்தில் புதுக் கூடம். மாடு, மான், பன்றி, நீர்யானை உள்ளே. குதிரையும் காண்டாமிருகமும் வெளியே. போனில் இருந்த பேராசிரியர்தான் பத்து மணிக்குத் திறந்துவைக்கிறார். அவர் தலையாட்டினால், வேலைக்கு வந்து மூன்றே வாரமான காப்பாளர் இன்றே நிரந்தரம்.

"அப்புறம், திமிங்கிலத்தை மறந்துடாதீங்க," என்றார் பேராசிரியர். "நீர்யானைக்கு நெருங்கின சொந்தம். அதே வரிசை."

போனை வைத்துவிட்டார்.

"காலே இல்லாததுக்குக் குளம்பா?" தச்சர் உளியைக் கீழே போட்டார். "எனக்குத் தலையே குழம்புது சார்."

"அதோட பாட்டன் பூட்டனுக்குக் கால் இருந்துச்சுண்ணே! வாங்க, வாங்க!"

கடல் கூடத்துக்கு ஓடினார்கள். கூரையிலிருந்து தொங்கியது, பேருந்து நீளத்துக்கு. கீழே பெயர்ப்பலகை ஓரம் உடைந்து, 'திமிங்கில' என்று மட்டும் நின்றது.

"ஒரு 'ம்' போடத் தெரியல இவங்களுக்கு." காப்பாளர் பேனாவை எடுத்து 'ம்' சேர்த்தார்.

உள்ளே வைக்கோல்தான். ஊழியர்கள் எட்டுப் பேர் இறக்கினார்கள். புதுக் கூடத்து வாசலில் தலை நுழைந்தது, உடம்பு மாட்டிக்கொண்டது.

"கதவு நிலையைப் பேருங்கண்ணே!"

"புது நிலை சார். நேத்துதான் வச்சேன்."

"பேருங்க!"

பெயர்த்தார். உடம்பு வந்தது, வால் நிற்க இடமில்லை. நீர்யானையைத் தள்ளினார்கள். பன்றிக்கு ஒரு காது போயிற்று. ஒட்டகம் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

பத்தடிக்க இரண்டு நிமிடம். மானுக்குப் பக்கத்தில் அந்தப் பேருந்து நீள உடம்பு சமர்த்தாகப் படுத்திருந்தது. காப்பாளருக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்கண்ணே! மானுக்கும் புள்ளி, இதுக்கும் புள்ளி. சொந்தம்னா சொந்தம்தான்!"

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். படியில் செருப்புச் சத்தம். காப்பாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கடல் கூடத்தைப் பெருக்கும் அம்மா கையில் ஒரு மரத்துண்டோடு வந்தார்.

"தம்பி, பலகையோட மிச்சம் மூலையில கிடந்துச்சு. 'ச் சுறா'ன்னு போட்டிருக்கு. இதை எங்க ஒட்டட்டும்?"