மொட்டைமாடியில் கை விரித்து நிற்பது குறித்துப் பங்குச்சாமிக்கு

சங்கைக்குரிய பங்குச்சாமி அவர்களுக்கு,

தெற்குத்தெரு ஆல்பர்ட் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் இருமல் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

போன வருஷம் ஜப்பானில் மகள் மெர்லின் வீட்டில் இருந்தபோது, பொழுது போகாமல் அவள் போகும் வில் பயிற்சிக் கூடத்தில் நானும் சேர்ந்தது தாங்கள் அறிந்ததே. முதல் தேர்வில் என் அம்பு குறியில் பட்டது. ஆனாலும் ஃபெயில். பட்ட சந்தோஷத்தில் உடனே கையை இறக்கி இடுப்பைச் சொறிந்துவிட்டேன். அங்கே அம்பு பட்டதா என்பதெல்லாம் அப்புறம். விட்ட பிறகும் இரண்டு கையையும் விரித்தபடி அசையாமல் நிற்கிறானா என்றுதான் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் அங்கே திரும்பப் போனதும் மறுபடி தேர்வு. "அடிப்படையை மட்டும் பழகுங்கப்பா, அது போதும்" என்று மெர்லின் சொன்னதால், குச்சியில் ரப்பரைக் கட்டி மாடியில் இழுத்துப் பழகுகிறேன். அவள் கண்முன்னால் இன்னொரு தடவை தோற்க எனக்கு மனசில்லை சாமி.

தண்ணீர்த்தொட்டி போக மிச்சமுள்ள இடத்தில் நின்றால் முகம் நம் பங்குக் கோயில் கோபுரத்துப் பக்கம்தான் திரும்புகிறது. அது என் குற்றமா? ரப்பரை விட்டுட்டு நான் கை விரிச்சு நிக்கிறதைப் பாத்த பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள், படியேறி வந்து பின்னால முழங்கால் போட்டுட்டாக. "அண்ணே, கையை எறக்கிராதீக. மருமக பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடக்கா, அவளுக்கும் சேத்து வேண்டிக்கங்க"ன்னாக. நிக்கும்போது பேசக்கூடாது, அதனால பேசாம நின்னேன். மத்தியானம் சுகப்பிரசவம் ஆயிருச்சு. அவ்வளவுதான், மறுநாள் காலையில மாடி நிறைய சனம். டீக்கடை சுருளிராஜன் கேரளா லாட்டரிச் சீட்டை என் காலடியில வச்சுட்டுப் போறார். ஒரு அம்மா ஜெபமாலை முடியிற மட்டும் என்னைய நிக்கச் சொல்றாக. நேத்து பொறுக்க மாட்டாம, "இது ஜெபமில்ல, வில்வித்தை!"ன்னு கத்திட்டேன். "பாத்தீகளா, எம்புட்டுத் தாழ்ச்சி!"ன்னு பிச்சையம்மாள் கண்ணைத் தொடச்சுக்கிட்டாக.

ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும், "ஆல்பர்ட் ஜெபிக்கவில்லை, ரப்பர் இழுக்கிறார்" என்று தாங்களே மைக்கில் அறிவித்துவிட்டால் பெரிய புண்ணியம்.

தங்கள் ஆசீரை வேண்டும்,
ஆல்பர்ட்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை பயிற்சியை முடித்துவிடலாம் என்று மாடிக்குப் போனேன். மாடிக்கு வரும் நம் தெரு ஜெபக்குழு அன்பியத்தார் எல்லாரும் வேன் பிடித்து வைகை அணைக்குப் போய்விட்டதால் ஒரு ஆளில்லை. நிம்மதியாக இழுத்து விட்டேன். மறுகணமே இரண்டு கையும் தானாகக் கீழே வந்துவிட்டன. திரும்பச் செய்தேன், திரும்பவும் வந்தன. இத்தனை நாள் நின்றதெல்லாம் பின்னால் இருந்தவர்களுக்குப் பயந்துதான் போலிருக்கிறது. தேர்வு முடியும்வரை அறிவிப்பு எதுவும் வேண்டாம் சாமி. அணைக்குப் போனவர்கள் நாளைக்கு அசந்து தூங்கிவிட்டால், தாங்களாவது கொஞ்சம் வந்து பின்னால் முழங்கால் போட வேண்டும்.