பெண் பார்க்க வந்த இடத்தில் கதிர்வீச்சுமானி

"இல்லை" என்று ஒரே சொல்லில் முடிக்க வேண்டிய பதிலுக்குச் செய்முறை விளக்கம் கொடுப்பது, படித்தவர்களைப் பிடித்த வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்த காலத்தில்தான், தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை அந்தோணியோடு ஏற்கெனவே போனில் பேசியிருந்தேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. (வெளியே சொல்லவில்லை. பெண்ணுக்கும் ஒரு கெத்து வேண்டாமா?) இனி அவருடைய அம்மா சரியென்றால் போதும்.

எங்கள் வாடகை வீட்டின் கருங்கல் தூணில் சாய்ந்தபடி அந்த அம்மா கேட்டார்: "வெளிநாட்டுல என்னத்தா வேல பாக்குற?"

ஆரம்பித்தேன். கதிரியக்க அயனிகளைக் கற்றையாக ஓடவிட்டு, அவற்றின்மேல் லேசர் ஒளியை அடிப்போம். நிறத்தை இம்மி இம்மியாக மாற்றிக்கொண்டே போனால், ஏதோ ஒரு நிறத்துக்கு அவை மினுங்கும். அதை வைத்து அணுக்கரு உருண்டையா, நீளமா என்று சொல்லிவிடலாம். சில அயனிகள் ஒரு நொடிகூடத் தாங்காது. அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும். (பெண் பார்ப்பதும் இதேதான். ஒரு தட்டு கேசரி தீர்வதற்குள் உருவம், குணம் எல்லாம் முடிவாகிவிடும். எங்களுக்காவது, கணக்கில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று எழுதும் வழக்கம் உண்டு.)

அத்தை காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்திருந்தது. "கதிரியக்கமா? அது ஒடம்புல ஒட்டிக்கிட்டு வராதா? நாளைக்குப் புள்ளகுட்டி பெறணும்ல?"

"ஒட்டாது" என்று சொல்லியிருக்கலாம். நான் உள்ளே ஓடி, ஊர்ப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டக் கொண்டுவந்திருந்த கதிர்வீச்சுமானியை எடுத்து வந்து என் கையருகே பிடித்தேன். "டிக்... டிக்" என்றது. உலகத்தில் எங்கே வைத்தாலும் அது கொஞ்சம் டிக் டிக்கென்று அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது என்பதுதான் என் மண்டையில் ஏறவில்லை.

"பயப்படாதீங்க அத்தை, ஒங்ககிட்டயும் இருக்கும்" என்று அவர் பக்கம் நீட்டினேன்.

டிக்டிக்டிக்டிக்!

கருங்கல்லில் இயல்பாகவே கதிரியக்கம் கொஞ்சம் கூடுதல். அதையாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "சத்தம் ஒங்களால வருதா, தூணால வருதான்னு பாக்கணும். கொஞ்சம் அங்குட்டுப் போங்க."

அங்குட்டுப் போனவர் கார் வரை போய்விட்டார்.

"ஒரு வாய் சாப்பிடாமப் போறீகளே!" என்று அப்பா கேசரித் தட்டோடு பின்னால் ஓடினார். எனக்கு அழுகை முட்டியது. கெத்தெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அந்தோணி மட்டும் மானியை வாங்கி, ஆளில்லாத தூணில் வைத்துப் பார்த்தார். அதே சத்தம். பிறகு வாசலுக்குப் போய், காருக்குள் குனிந்து அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "அம்மா, குத்தமெல்லாம் தூணு மேலதான். நான் என்ன தூணையா கட்டப்போறேன்?"

கல்யாணம் நடந்தது. அதற்காக அத்தைக்கு என் இயற்பியல் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதன் பயன் மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. போன விடுமுறைக்கு நான் காரைக்குடி வந்திருந்தபோது அத்தை தேவகோட்டையிலிருந்து போன் செய்தார். குரல் ரகசியமாக இருந்தது.

"ஆத்தா, விருந்துக்கு வந்த சொந்தக்காரவுக இன்னும் கெளம்பக் காணோம். அந்த மிஷினக் கொஞ்சம் எடுத்துட்டு வாரியா?"