217-ஆம் ரோலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

அன்று காலை பத்து மணிக்குத் துணி ஸ்டோரில் இருந்தவர்கள்: கம்பெனி முதலாளி மருதாசலம். முதல் டேபிள் கட்டிங் மாஸ்டர் சோணைமுத்து. இரண்டாம் டேபிள் கட்டிங் மாஸ்டர் சித்ரகலா. வாசலில் ஸ்டூல் போட்டு ஸ்டோரைக் காக்கும் பாண்டியம்மாள். லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பிரபாகர். இவர்களுக்கு நடுவே நேவி ப்ளூ பனியன் துணி ரோல் ஒன்று, எண் 217.

ரோலின் ஒரு முனை சோணைமுத்து கையில். மறுமுனை சித்ரகலா கையில்.

"எனக்குத்தான் புக் ஆயிருக்கு. இந்தா பாருங்க, பச்சை டிக்கு," என்று சோணைமுத்து செல்போனை நீட்டினார்.

"எனக்குந்தானுங்க பச்சை டிக்கு. நீங்க மொதல்ல கையை எடுங்க," என்றார் சித்ரகலா.

மருதாசலம் இரண்டு செல்போனையும் பார்த்தார். பிறகு பிரபாகரைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, காலையில இருந்து இது மூணாவது ரோலு. ஒரே பொண்ணை ரெண்டு மாப்பிள்ளைக்கு நிச்சயம் பண்ணி வெச்சிருக்குது உன்ற சாப்ட்வேரு."

"ரெண்டு வருசமா ஒரு ரோலு கூட மாறுனதில்லீங்ண்ணா."

"இன்னைக்கு மாறீருக்குதல்ல? நாலு மணிக்கு வெட்டுன பீஸெல்லாம் வீரபாண்டி பிரிண்டிங்குக்குப் போகோணும். விட்டா அடுத்த வாரந்தான் மிஷின் காலி. வண்டி கெளம்பலைன்னா நாளையில இருந்து பழையபடி நோட்டுதான். நோட்டு எழுதப் பாண்டியம்மாவே போதும். அப்புறம் உனக்கு என்ன வேலைன்னு நீயே சொல்லு."

"மொதலாளி, ஒண்ணு சொல்லட்டுமா..." என்று ஆரம்பித்தார் பாண்டியம்மாள்.

"இரும்மா, நீ வேற."

பிரபாகர் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன். உருப்படியாக அவன் செய்த ஒரே காரியம் இந்த ரோல் புக்கிங் சர்வீஸ்தான். ரோலின் இரு முனையிலும் ஸ்டிக்கர் இருக்கும். மாஸ்டர் ரேக்குக்குப் போய் ஸ்டிக்கரை போனில் ஸ்கேன் செய்தால் ரோல் அவர் பேருக்கு வந்துவிடும். அவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ரேக்கின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஒரே நொடியில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஒருவர் வேலை பாதியில் இருக்கும்போது அடுத்தவர் கண்ணில் எது படலாம், எது படக்கூடாது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஐசொலேஷன் லெவல். பிரபாகர் அதைத் தொட்டதே இல்லை. வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே விட்டிருந்தான். அதனால் இரண்டு பேருக்கும் "ரோல் இருக்கிறது" என்று தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

லெவலை இருப்பதிலேயே கடுமையானதற்கு ஏற்றினான். இனி இரண்டு பேர் மோதினால் ஒருவரைத் தள்ளிவிடும்.

தள்ளியது. ரொம்பத் தாராளமாகத் தள்ளியது. ஒரே ரோலைத் தொட்டவர்களை மட்டுமல்ல, வேறு வேறு ரோலைத் தொட்டவர்களையும் தள்ளியது. போனில் சிவப்புக் கட்டத்தில் நாலு வரி ஆங்கிலம் வந்தது.

"தம்பி, என் போன்ல வைரஸ் ஏறிருச்சு," என்று சோணைமுத்து ஓடி வந்தார். "போன வாரந்தான் வாங்குனேன். இதுக்கு நீதான் பொறுப்பு."

"வைரஸ் இல்லீங்ண்ணா. மறுபடி தட்டுனாப் போதும்."

"எத்தன வாட்டி?"

அது பிரபாகருக்கே தெரியாது. ஆகவே மாஸ்டர் தட்ட வேண்டாம், சர்வரே மறுபடி மறுபடி முயன்று பார்க்கட்டும் என்று எழுதினான். எத்தனை முறை என்று எழுத மறந்தான்.

சோணைமுத்துவின் ஸ்கேனும் சித்ரகலாவின் ஸ்கேனும் மோதின, விலகின, மறுபடி அதே நொடியில் மோதின. குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி நிற்பது போல. பதினொன்றரைக்கு சர்வர் மூச்சை நிறுத்தியது. இரண்டு கட்டிங் டேபிளும் நின்றன.

சித்ரகலா கத்தரிக்கோலோடு வந்து நின்றார். "ஏனுங்க பிரபாகரு, நூறு லேயரு விரிக்கோணும். நானென்ன வெறும் டேபிளையா வெட்டறது?"

"அஞ்சே நிமிசங்க்கா."

"அதையேதான் அரை மணி நேரமாச் சொல்றீங்க."

மூன்றாவதாக ஒன்று செய்தான். முதலில் ஸ்கேன் செய்தவர் ஓகே தட்டும் வரைக்கும் மொத்தப் பட்டியலும் அவருக்கே. வேறு யாரும் தொட முடியாது. இதில் மோதலுக்கே வழியில்லை. சர்வரை எழுப்பினான். சோணைமுத்து ஸ்கேன் செய்தார். அருமையாக வேலை செய்தது.

அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் யாருக்கும் எதுவும் வேலை செய்யவில்லை.

பிரபாகர் மாடி, கீழே, டையிங் கொட்டகை என்று தேடி, கடைசியில் ரோட்டோரப் பேக்கரியில் சோணைமுத்துவைப் பிடித்தான். ஒரு கையில் டீ, மறு கையில் பப்ஸ். செல்போன் சட்டைப் பையில், ஓகே தட்டாமல்.

"அண்ணா, ஓகே தட்டுங்ண்ணா!"

"கையெல்லாம் எண்ணெயா இருக்குல்ல? தின்னுட்டுத் தட்டுறேன். ஓடியா போயிரும்?"

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. மருதாசலம் ஆபீஸ் அறையில் போனில் பிரிண்டிங்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். எதிரே பாண்டியம்மாள் மேஜை ட்ராயரைக் காட்டியபடி நின்றிருந்தார்.

"மொதலாளி, காலையில இருந்து சொல்ல வாறேன், நீங்க காதுலயே..."

மருதாசலம் போனைக் கையால் பொத்தினார். "ட்ராயர்ல என்ன வேணுமோ எடுத்துட்டுப் போம்மா. என்னை விட்ரு."

பாண்டியம்மாள் ட்ராயரைத் திறந்து எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

பிரபாகர் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். காலையிலிருந்து செய்த எல்லாவற்றையும் அழித்தான். நேற்று எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்தான். தப்பான சர்வீஸ்தான். ஆனால் ஓடுகிற தப்பு. பிறகு தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் பைக்குள் போட்டுக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான்.

யாரும் கூப்பிடவில்லை.

ஒரு மணிக்கு ஒரு ரோல். ஒன்று ஐந்துக்கு ஒரு ரோல். திரையில் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு ரோலுக்கு ஒரு பெயர். இரண்டு மணிக்கு அவன் திரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கண் பட்டுவிடும் என்று பயந்தான். மூன்றே முக்காலுக்கு வெட்டிய பீஸ்களோடு வண்டி கேட்டைத் தாண்டியது. பையிலிருந்து சார்ஜரை எடுத்து மறுபடி சொருகினான். காலையிலிருந்து அப்போதுதான் பசித்தது.

மருதாசலம் வந்து அவன் முதுகில் ஒன்று போட்டார்.

"பரவால்லியே! என்ன கண்ணு பண்ணுன?"

"ஐசொலேஷன் லெவலைச் சரியா வெச்சேனுங்ண்ணா," என்றான் பிரபாகர், கூசாமல்.

"அதென்னது?"

"ஒருத்தரு வேலை முடியற வரைக்கும் அடுத்தவரு குறுக்க வராமப் பாத்துக்கறதுங்ண்ணா."

"அதுக்கெல்லாம் படிப்பு வேணுமப்பா," என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

பொய் சொன்னாயிற்று. உண்மையில் எது சரி செய்தது என்று தெரியாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. பிரபாகர் துணி ஸ்டோருக்குப் போனான். பாண்டியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களாக்கா?"

"யாருமில்ல தம்பி. போங்க."

ரேக்குக்குப் போய் ஸ்டிக்கர்களைப் பார்த்தான். போனை எடுத்து ஒன்றை ஸ்கேன் செய்தான். பின்னால் இரும்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, க்ளிக்.

ஓடி வந்து கதவைத் தட்டினான். "அக்கா! நான் உள்ள இருக்கறேன், பூட்டிட்டீங்க!"

"உள்ள இருக்கீகன்னுதான பூட்டுனேன்? முடிச்சுட்டுத் தட்டுங்க, இங்கனயேதான் உக்காந்திருக்கேன், தொறக்கேன். அடுத்தாப்புல சித்ரகலா வந்து நிக்காக."

"எதுக்குங்க்கா இதெல்லாம்?"

கடலை உடைபடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருசமா ஒவ்வொருத்தராத்தான தம்பி உள்ள விட்டுப் பூட்டுறேன், நேத்து ஆடிட்காரவுக வர்றாக, ஆள உள்ள வச்சுப் பூட்டுறதப் பாத்தாத் தப்பும்பாகன்னு மொதலாளி பூட்டக் கழட்டி ட்ராயர்ல போட்டாரு, இன்னைக்கு ஒரே ரோலுக்கு ரெண்டு பேரு வந்து நிக்காக!"