வண்டிக்குள்ளேயே இருக்கிறவரைப் பற்றிச் சம்பந்தியம்மாவுக்கு

ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவள் கைகூப்பி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நான் சௌக்கியம். எங்கள் வீட்டுக்காரரும் சௌக்கியம்தான். ஆனால் அவர் வீட்டுக்குள் இல்லை, உங்கள் வண்டிக்குள் இருக்கிறார். அங்கே நீங்களும், உங்கள் முழங்காலும், சம்பந்தியும் சுகமாக இருக்கத் தினமும் இரண்டு வேளை வேண்டிக்கொள்கிறேன். இன்றைக்கு மட்டும் ஐந்து வேளை ஆகிவிட்டது. போனில் சொன்னால் சம்பந்தி காதில் விழுந்துவிடும் என்பதால், உங்கள் தெருப்பக்கம் வருகிற தையல்காரம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படியுங்கள்.

பிள்ளைகள் புது வீட்டுக்குப் பீரோவும் கட்டிலும் ஏற்றிப்போகச் சம்பந்தி தன் பழைய பிக்கப் வண்டியைப் பெரிய மனசு பண்ணி அனுப்பினாரே, அன்றைக்கு நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டேன். பின்னே என்ன? கல்யாணத்தன்று வாசலில் நின்ற அந்த வண்டியை எங்கள் வீட்டுக்காரர் டேப் வைத்து அளந்து, "இடது பக்கம் ரெண்டு விரல்கடை சாஞ்சிருக்கு சம்பந்தி" என்று நாலு பேர் முன்னால் சொன்னதிலிருந்து, எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. முப்பது வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்த மனுஷன், சாய்வு கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது. நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் என் பெண். வண்டி வந்துவிட்டது, இனிப் பேச்சும் வந்துவிடும் என்று நம்பினேன். "கம்பெனியிலிருந்து வந்தபடியே நாப்பது வருஷமா வெச்சிருக்கேன், ஒரு ஸ்க்ரூகூடத் தொடக்கூடாது" என்று சம்பந்தி சொல்லியனுப்பியதை இவரிடம் நான் மூன்று தடவை சொன்னேன். என் நோட்டில் தேதி போட்டுக் குறித்தும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன்.

இவர் ஸ்க்ரூவைத் தொடவில்லை. அது சத்தியம். கடைக்குப் போய் வைசர் வாங்கிவந்துவிட்டார். கதவுக் கண்ணாடிக்கு மேலே இமை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே கருப்புப் பிளாஸ்டிக், அதுதான். மழையிலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துக் காற்று வாங்கலாமாம். "நன்றி சொல்லணும்னா வாயால சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன். "வாயால சொல்லித்தானேடி எட்டு மாசம் ஆச்சு, இந்தத் தடவை கையால சொல்றேன்" என்றார். சரி, போய் மாட்டுங்கள் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் நான் தப்புப் பண்ணிவிட்டேன்.

பசையும் கிடையாது, திருகாணியும் கிடையாது, கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் சொருகிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. ஆகவே காலையில் குளித்து முழுகி, வண்டிக்குள் ஏறி, இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு, கையை வெளியே வளைத்து வளைத்து இரண்டு பக்கமும் சொருகி, கண்ணாடியை ஏற்றினார். ஒன்பது மணி பத்து நிமிஷம். "ஆச்சு, இறங்குங்க, சாப்பிடலாம்" என்றேன். அப்புறம்தான் தாளின் கடைசி வரியைப் படித்தார். இருபத்துநாலு மணி நேரத்துக்குக் கண்ணாடியை இறக்கக்கூடாது, அதிர்ச்சியும் கூடாது. உங்கள் வண்டிக் கதவு அறைந்தால்தான் சாத்தும் என்பது உங்களுக்குத் தெரியாததா? "இறங்கினா கதவை அறையணும், அறைஞ்சா வைசர் விழும்" என்றார். "அதுக்காக?" "அதுக்காக இறங்கல." விதி என்று அச்சில் ஒன்று போட்டுவிட்டால் அப்புறம் இவரைக் கடவுளே வந்தாலும் அசைக்க முடியாது, மகாபாவம், கடவுளையும் நான் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த முன்பக்கத்து மூலைக்கண்ணாடி, முக்கோணமாக, தனியாகத் திறக்கிற மாதிரி ஒன்று இருக்கிறதே, அது ஒன்றுதான் இப்போது எங்களுக்குள் போக்குவரத்து. அதில் வாழைப்பழம் போகிறது, தட்டு போகவில்லை. ரொட்டியைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்தேன், குழம்பை எப்படிச் சுருட்டுவது? டீ டம்ளரை நான் வெளியே பிடித்துக்கொள்ள, அவர் உள்ளேயிருந்து குழாய் போட்டு உறிஞ்சுகிறார், எதிர்வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு "அய்யாவுக்கு ஏதாவது ஆபரேஷனா?" என்று கேட்கிறாள். வேறு சில சங்கடங்களும் உண்டு, சம்பந்திகளுக்குள் எழுதத் தக்கவை அல்ல, ஒரு பெரிய பாட்டில் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பதினொன்றரைக்கு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனார். ஹாரன் மாட்டிக்கொண்டது. பதினொரு நிமிஷம், நோட்டில் இருக்கிறது. தெருவே கூடிவிட்டது, "எந்திரிங்க, எந்திரிங்க" என்று நான் கண்ணாடியைத் தட்ட, அவர் கண்ணை விழித்து "அதிர்ச்சி குடுக்காதே!" என்கிறார். கடைசியில் மெக்கானிக் வந்து முன்மூடியைத் திறந்து ஒரு ஒயரைக் கழற்றினார். எல்லாம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர் போன பிறகு தரையில் சின்னதாக ஒரு ஸ்க்ரூ கிடந்தது. எடுத்துப் பத்திரமாகச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஆகையால் சம்பந்தியம்மா, சாயந்தரம் வரவேண்டிய வண்டி நாளைக்குத்தான் வரும். அதுவரை நீங்கள் எப்படியாவது சம்பந்தியை வீட்டில் பிடித்துவையுங்கள். முழங்கால் வலி என்று சொல்லுங்கள், மூக்குக்கண்ணாடியை ஒளித்துவையுங்கள், பாவம் என்மேல் வரட்டும். அவர் இங்கே வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் எட்டு மாதம் எட்டு வருஷமாகிவிடும், என் பெண் இரண்டு அப்பாக்களுக்கும் நடுவில் தபால்காரியாகவே காலத்தைக் கழிப்பாள். வைசரைப் பிய்த்தெறியாமல் ஒரு மாதம் வைத்திருக்கச் சொல்லுங்கள், அது ஒன்றுதான் நான் கேட்பது. இவர் அதை ஆசையாகத்தான் மாட்டினார்.

மாப்பிள்ளைக்கும் என் பெண்ணுக்கும் ஆசீர்வாதம். உங்களுக்கு நமஸ்காரம். உங்கள் குடும்பம் தழைக்கட்டும், முழங்கால் தேறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு. மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். தையல்காரம்மா கடிதத்தை வாங்கக் கை நீட்டும்போது சம்பந்தியே வாசலில் வந்து நிற்கிறார். "என்னய்யா இது, என் வண்டிக்குப் புருவம் வெச்சிருக்கீங்க?" என்று ஒரு சத்தம். பிய்த்துப்போடுகிறேன் என்று அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, கோபத்தில் கதவை ஓங்கி அறைந்தார். வைசர் அவர் மடியிலேயே விழுந்தது. "பாத்தீங்களா, அறைஞ்சா விழும்னு காலையிலருந்து சொல்றேன்" என்றார் இவர். சம்பந்தி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "விழாம? முன் முனையை மொதல்ல சொருகணும். தராசு பிடிச்ச கைக்கு இதெல்லாம் எங்க வரும்? தள்ளுங்க" என்று தானே சொருகிக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். மணி நாலு இருபது. "இனிமே இருபத்துநாலு மணி நேரம்" என்று இவர் சொல்ல, "தாள்ல போட்டிருந்தா இருந்துதானே ஆகணும்" என்று சம்பந்தி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எட்டு மாதப் பேச்சு இப்போது நடக்கிறது. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கிறது.

நாளை நாலு இருபது வரை அவர் வரமாட்டார். அவருடைய ராத்திரி மாத்திரையை மட்டும் அனுப்புங்கள், மூலைக்கண்ணாடியில் போகும். நீங்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு நிம்மதியாக ஒரு டீ குடியுங்கள். கதவைத் திறந்து இறங்கிவிட்டு, அதைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டால் போதும் என்பது காலை ஒன்பதரைக்கே எனக்குத் தோன்றிவிட்டது. கேட்டால் சொல்லிவிடுவேன், நான் பொய் சொல்கிறவள் அல்ல. இதுவரை இரண்டு பேரும் கேட்கவில்லை.