லிஃப்டில் ஏறாத வரிப்பணம் சார்

சூரியனுக்கு எதிராக ஆட்சேபணை மனு கொடுத்த ஒரே மனிதர், நானறிந்து இந்த உலகத்திலேயே, எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார். மூன்று பக்க மனு. கீழே கையெழுத்து, அதற்குக் கீழே 'நகல்: கோப்புக்கு'. அதை வாங்கிக்கொண்ட துரதிர்ஷ்டசாலி நான். ஏரவாடாவில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நான்தான் செக்ரட்டரி. சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு.

தமிழ்க் குடும்பங்கள் அவரை 'வரிப்பணம் சார்' என்போம். மராத்திக்காரர்களுக்கு 'டாக்ஸ் காகா', அதாவது வரிச் சித்தப்பா. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். ஐந்தாவது மாடியில் தனி ஆள். தெருவிளக்கு பகலில் எரிந்தால் அதன் அடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது வந்து அணைக்கும்வரை நகரமாட்டார். "என்ன சார், மழையா?" என்று ஒருமுறை கேட்டேன். "என் பணம்லா சொட்டுது, நனைஞ்சிரக் கூடாதுல்லா" என்றார்.

அப்படிப்பட்டவர் இருக்கும் கட்டடத்தில் அரசாங்க மானியத்தோடு சோலார் வைக்கலாம் என்று நான் முடிவெடுத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், நடை விளக்கு எல்லாம் வெயிலில் ஓடும், பராமரிப்புச் செலவு குறையும் என்று மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டிங் போட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள். ஒருவர் மட்டும் எழுந்து நின்றார்.

"ஓய் செக்ரட்ரி, இங்கன வாரும்" என்று என்னைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக அழைத்துப்போனார். கீழே வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள். "அந்தா நீலத் தார்ப்பாய் போட்டிருக்கே, அது யாரு வீடு தெரியுமா? நம்ம கட்டடத்துல பெருக்கித் துடைக்காளே, சகுபாய், அவ வீடு. சோப்பு வாங்குதா, எண்ணெய் வாங்குதா, பிள்ளைக்குப் பிஸ்கோத்து வாங்குதா. எல்லாத்துலயும் வரி கட்டுதாளா இல்லியா? அந்தக் காசை எடுத்து நம்ம மாடில வெயில்ல காயப்போடுதீரு. அவ தகரத்துல ஒரு தகடு வைக்க யாராவது காசு குடுக்கானா?"

"சார், ஆரம்பத்துல அரசாங்கம் கை கொடுத்தாத்தான் இதெல்லாம் பரவும். நிலக்கரிப் புகையை மட்டும் ஏழை, பணக்காரன் பார்த்தா சுவாசிக்கிறோம்? எல்லாருக்கும் நல்லதுதானே?"

"குடுக்கட்டும்யா, நானா வேண்டாங்கேன்? கூரை உள்ளவனுக்கு மட்டும் என்னத்துக்குங்கேன்."

நான் திரும்பிப்போய்த் தூக்கிய கைகளை எண்ணினேன். தீர்மானம் நிறைவேறியது.

சோலார் பலகைகள் வந்தன. முதல் நாள் லிஃப்ட் வெயிலில் ஓடியபோது கட்டடச் சங்கத்துச் சேர்மன் தேங்காய் உடைத்தார். வரிப்பணம் சார் தேங்காயைப் பார்க்கவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் நான்கு திருகாணி போட்டு மாட்டியிருந்த போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'வேலைக்காரர்களும் டெலிவரி ஆட்களும் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. இப்படிக்கு, செக்ரட்டரி.' அடியேன்தான்.

"காசு போட்டவ படியில ஏறுதா. நான் மட்டும் சொகுசாப் போவணுமாக்கும்? சகுபாய் என்னிக்கி இதுல ஏறுதாளோ, அன்னிக்கி நானும் ஏறுதேன். எழுதிக்கிடும்."

நெஞ்சில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். மாடிப்படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது கட்டடத்துக்கே தெரியும். இரண்டு நாள் வீம்பு, மூன்றாம் நாள் வழிக்கு வந்துவிடுவார் என்றேன். அவராவது, வழிக்கு வருவதாவது! தினமும் பதினொரு மணிக்கு ஐந்து மாடி இறங்கி, கீழே மீட்டர் அறையில் நின்று, வெயில் எத்தனை யூனிட் தந்தது என்று பார்ப்பார். பன்னிரண்டு மணிக்கு ஐந்து மாடி ஏறுவார்.

அதற்கப்புறம்தான் அந்த விஷயம் ஆரம்பித்தது.

ஒரு நாள் உச்சி வெயில். கீழே நான் மட்டும் இருந்தேன். ஃபேன் சத்தம்கூட இல்லை. லிஃப்டின் மேல் சிவப்பு எண் தானாக மாறியது. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, ஆள் இல்லை. அதே நேரம் மீட்டர் அறையிலிருந்து வரிப்பணம் சார் வெளியே வந்தார். லிஃப்ட் அவரையே பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது. அவரும் அதைப் பார்த்தார்.

"சோலியப் பாத்துட்டுப் போ" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் படியேறினார். கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். எப்போதும் காலியாக, எப்போதும் அவர் வருகிற நேரத்துக்கு. உச்சி வேளையில் காற்று கறுப்பு நடமாடும் என்று என் மனைவி விபூதி பூசிவிட்டாள். வாட்ச்மேன் லிஃப்ட் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினான். சேர்மன், "சோலார் கரண்ட் இருக்கே, அது கொஞ்சம் வேற மாதிரி கரண்ட்" என்று விஞ்ஞானம் பேசினார். மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பிரித்து மாட்டினான். ஒரு கோளாறும் இல்லை, யாரோ உள்ளே நின்று பொத்தானை அமுக்கினால்தான் இப்படி வரும் என்றான்.

செக்ரட்டரி என்றால் பேயையும் விசாரிக்கத்தானே வேண்டும்? மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஐந்தாவது மாடியில் ஒரு செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நடையில் ஒரு ஈ, காக்கை கிடையாது. மேலே வெயிலில் பலகைகள் டக், டக் என்று விரிவது கேட்டது. லிஃப்ட் தானாக வந்து நின்றது. கதவு திறந்தது. சுவரோரத்திலிருந்து ஒரு கை மட்டும், பச்சை வளையல் போட்ட கை, மெதுவாக உள்ளே நீண்டது. பொத்தானை அமுக்கியது. வெளியே வந்தது.

நான் போட்ட கூச்சலில் கையின் சொந்தக்காரியும் கூச்சல் போட்டாள். சகுபாய்! தோளில் துடைப்பம்.

"அரே சாஹேப்! நான் ஏறல, சத்தியமா ஏறல. கையைத்தான் விட்டேன்" என்று இந்தியும் எங்கள் வீடுகளில் கற்ற தமிழுமாகப் பதறினாள். "உங்க போர்டுல கையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?"

"எதுக்கு இந்த வேலை?"

"காகா தினம் மூணாவது மாடியில உட்கார்ந்துடறாரு. மூச்சு சீட்டி மாதிரி கேக்குது. நான் இறங்கும்போது பாக்கறேன். எனக்குப் பயமா இருக்கு சாஹேப். ஏறமாட்டார்னு தெரியும். ஒரு நாள் முடியாமப் போயி ஏறிட்டா? அதான் அனுப்பறேன்."

அவளோடு படியிறங்கினேன். மூன்றாவது மாடி ஜன்னல் திட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். சகுபாய் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஏட்டி, மொதல்ல நீ ஏறு. பெறவு நான் ஏறுதேன்" என்றார் அவர்.

"போர்டு இருக்கே, காகா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதே கீழே போய் அந்த நான்கு திருகாணியைக் கழற்றியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நானோ, "அடுத்த மீட்டிங்ல வைக்கிறேன் சார், எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணுமில்லையா" என்றேன்.

"வையும், வையும்" என்று சிரித்தார்.

அடுத்த மீட்டிங்குக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆறாவது நாள் உச்சி வேளையில் சகுபாயின் அலறல் கேட்டு ஓடினேன். அதே ஜன்னல் திட்டில் சுவரில் சாய்ந்து, தூங்குகிறவர் போல இருந்தார். கீழே காலி லிஃப்ட் அவருக்காக இறங்கி வந்து, கதவைத் திறந்து பார்த்து, மூடிக்கொண்டு நின்றிருந்தது. நான்தான் அவரைக் கொன்றேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படித்தான் இருந்தது எனக்கு. அன்று மாலை மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது என்று நானே திருப்புளியை எடுத்துப்போய் போர்டைக் கழற்றினேன்.

அரசாங்கம் சோலாருக்குப் பணம் போடலாமா என்று யாராவது கேட்டால், போடத்தான் வேண்டும் என்று இன்றும் சொல்வேன். ஆனால் சொல்லும்போது கண் தானாக அந்த நீலத் தார்ப்பாய்ப் பக்கம் போகிறது. அந்தத் தகரத்துக்கு இன்னும் ஒரு தகடு வரவில்லை. போன வாரம்தான் அதைப் பற்றி மூன்று பக்க மனு ஒன்று எழுதி அனுப்பினேன். கீழே 'நகல்: கோப்புக்கு' என்று போட மறக்கவில்லை.

போர்டு போன மறுநாள், உச்சியில், சகுபாயை வற்புறுத்தி லிஃப்டில் ஏற்றி நானும் கூடவே ஏறினேன். அவள் மூலையில் ஒட்டி நின்றாள். தரைத்தளத்துக்கு மட்டும்தான் பொத்தான் அமுக்கினோம். ஆனால் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. ஜன்னல் திட்டில் வெயில் விழுந்திருந்தது. யாரும் இல்லை.

மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டோம். ஒரு கோளாறும் இல்லை என்றான். காலையில் நிற்பதில்லை, மாலையில் நிற்பதில்லை. உச்சியில், சகுபாய் உள்ளே இருந்தால் மட்டும் நிற்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த நேரத்தில் படியில் இறங்கிவிடுகிறார்கள்.

சகுபாயும் நானும் மட்டும் போகிறோம். மூன்றாவது மாடி வந்ததும் அவள் ஒரு பக்கம் ஒதுங்குகிறாள், நான் ஒரு பக்கம் ஒதுங்குகிறேன். கதவை மூடும் பொத்தானை நான் தொடுவதில்லை. மூச்சு வாங்குகிற மனிதர், நிதானமாக ஏறட்டும்.