சத்தம் போடத் தெரியாதவன் வாங்கிய அடுப்பு

மூடி சேரவில்லை.

இளவரசன் திருப்பிப் போட்டுப் பார்த்தான். முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாற்றிப் பார்த்தான். கடைசியில் முழங்காலை வைத்து அழுத்தியும் பார்த்தான். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது.

"என்னய்யா அது, சூட்கேஸா?" என்று அவன் அம்மா பச்சையம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பார்பிக்யூ அடுப்பும்மா. கேஸ்ல எரியும். கம்பி மேல கறிய வச்சு சுடறது."

"சுடறதுக்கு மூடி எதுக்கு?"

"உள்ள வேகணும்ல?"

"வேகணும்னா சட்டியில போட வேண்டியதுதானே."

இளவரசன் தலையை ஆட்டிவிட்டு மூடியை மறுபடி கையில் எடுத்தான். பொதுவாகவே யார் எதிர்த்துக் கேட்டாலும் அவன் தலையைத்தான் ஆட்டுவான். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில், லாரிகளை எடை போடும் ஆபீசில் அவனுக்கு வேலை. பெரம்பலூரில் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவான். வயது முப்பத்தொன்று. போன வருஷம் உடையார்பாளையம் பக்கம் ஒரு பெண் பார்த்தார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் பெண்ணின் அப்பா பின்வாங்கிவிட்டார். "பையன் ரொம்ப சாதுவா இருக்காரு. நாலு பேர அதட்டி வாழத் தெரியாது போலருக்கே" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். அதிலிருந்து பச்சையம்மாளுக்கு மகன் வாயைத் திறந்தாலும் கவலை, திறக்காவிட்டாலும் கவலை.

அடுப்பு விவகாரம் ஆபீசில் ஆரம்பித்தது. எடை ஆபீஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடுவதென்று முடிவானது. தோப்புக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விறகு, கரி எதையும் பற்ற வைக்கக் கூடாது. சருகில் ஒரு பொறி விழுந்தால் தோப்பே போய்விடும். கேஸ் அடுப்பென்றால் சரி, அதுவும் சிமெண்ட் களத்தில் வைத்துத்தான் மூட்ட வேண்டும்.

"அப்ப கேஸ் பார்பிக்யூ ஒண்ணு வாங்கிடுவோம்" என்றார் ஆபீஸ் மேலாளர் சிவசுப்பிரமணியன். "தம்பி, பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு அடுப்புக் கடை இருக்கு. நீதான் அந்த ஊரு. நல்லதா பாத்து வாங்கிட்டு வந்துடு."

கடையில் சிந்து என்ற பெண் இருந்தாள். கல்யாண வீட்டு அடுப்பு, டீக்கடை அடுப்பு, தோசைக்கல் எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்று விதமான பார்பிக்யூ வைத்திருந்தாள். இளவரசன் விலை குறைந்ததைக் கையில் எடுத்தான்.

"எத்தன பேருக்கு சார்?" என்று கேட்டாள் சிந்து.

"பன்னெண்டு பேருங்க."

"அப்ப ஒரு பர்னர் பத்தாது. மொத ஆளு சாப்ட்டு, படுத்துத் தூங்கி எந்திரிக்கறப்பதான் கடைசி ஆளுக்கு வரும். ரெண்டு பர்னர் எடுங்க. எங்க வச்சு சுடுவீங்க?"

"முந்திரித் தோப்புல."

"காத்து அடிக்கும். மூடி வச்சதா எடுங்க. இல்லன்னா கேஸ் மட்டும்தான் எரியும், கறி வேகாது. இந்தச் சின்ன கேஸ் கேன் வேணாம், பாதியில தீந்து போயிடும். அஞ்சு கிலோ சிலிண்டர்ல மாட்டற மாதிரி தரேன். கால மடக்கிக்கலாம், கொழுப்பு வடியறதுக்கு அடியில தட்டு இருக்கு. அதக் கழட்டிக் கழுவலேன்னா அடுத்த தடவ அதுவே பத்திக்கும். கழுவுவீங்களா?"

"கழுவுவேங்க."

இவ்வளவு கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலுக்குக் காத்திருந்த கடைக்காரர் யாரையும் இளவரசன் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தான். வந்து பார்த்தால் மூடி சேரவில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டதும், எதற்கும் இருக்கட்டுமென்று கேஸ் டியூபையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மூடியோடு கடைக்குப் போனான்.

"அய்யோ, ஒரு பர்னரோட மூடிய மாத்தி வச்சிட்டேன்" என்றாள் சிந்து. "தப்பு என்னுதுதான். அலைய வச்சிட்டேன்."

"பரவால்லீங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்குனா கடை, இதுல என்ன அலைச்சல்" என்றான் இளவரசன். சொன்னதோடு நிற்காமல், வந்ததற்குச் சும்மா போகக் கூடாதென்று கறி திருப்புகிற இடுக்கி ஒன்றும் வாங்கிக்கொண்டான்.

மூடி சேர்ந்தது. இப்போது டியூப் சேரவில்லை. பழையதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சிந்து வாங்கி வைத்துக்கொண்டு, புது டியூப் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதன் முனை சின்ன கேனுக்கானது. சிலிண்டர் ரெகுலேட்டரில் அது நுழையவே இல்லை.

ஆபீசில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டான்.

"போயி நாலு வார்த்த கேட்டியா இல்லியா?" என்றாள் மஞ்சு. அவனுக்கு அடுத்த ஜன்னலில் உட்காருபவள். லாரி டிரைவர்கள் அவளுடைய ஜன்னலுக்கு வரும்போது தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

"இன்னும் போகலக்கா."

"போனா என்ன சொல்லுவ?"

"டியூப் மாறிப்போச்சுங்கன்னு சொல்லுவேன்."

"இந்த 'ங்க' இருக்கே, அத எடுத்துடு. எங்க, என்னப் பாத்து சொல்லு. 'என்ன கடை நடத்துறீங்க நீங்க?'"

"என்ன கடை நடத்துறீங்க."

"சோறு கேக்கற மாதிரி இருக்கு. சத்தமா!"

சிவசுப்பிரமணியனும் தன் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். "மஞ்சு சொல்றது சரிதான் தம்பி. சத்தம் போட்டாத்தான் வேல நடக்கும். நல்லா கத்து. எனக்குக் கேக்கணும்."

இளவரசன் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, "என்ன கடை நடத்துறீங்க நீங்க?" என்று கத்தினான்.

ஜன்னலுக்கு வெளியே எடைச் சீட்டுக்காக நின்றிருந்த டிரைவர் பதறிப்போனார். "கடையா? எனக்கு ஏது சார் கடை? லாரி மட்டுந்தான் சார்."

இளவரசன் எழுந்து வெளியே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். மஞ்சு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடைப் படியேறும் வரை அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே போனான். சிந்து ஒரு டீக்கடை அடுப்பின் பர்னரைக் கழற்றி, ஊசியால் ஓட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் கரி.

"என்ன கடை..." என்று ஆரம்பித்தான்.

அவள் நிமிர்ந்தாள். "என்ன சார்?"

"என்ன... கடை எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

"எட்டு மணி வரைக்கும். இதக் கேக்கவா வந்தீங்க?"

"டியூபும் கொஞ்சம் மாறிப்போச்சுங்க."

"அடக் கடவுளே. மறுபடியுமா?"

"நீங்க தனியாளா எல்லாத்தையும் பாக்கறீங்க. மாறத்தான் செய்யும்" என்றான் இளவரசன். பர்னரை அவள் பிடித்திருந்த விதம் வசதியாக இல்லை என்று தோன்றியதால், அவள் குத்தி முடிக்கும்வரை மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகும்போது கம்பி தேய்க்கிற பிரஷ் ஒன்று வாங்கினான்.

"முழு அடுப்பையும் எடுத்துட்டு வாங்க சார். நானே மாட்டிப் பாத்து குடுக்கறேன்" என்றாள் சிந்து.

எடுத்துப் போனான். மாட்டிப் பார்த்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து நிறுத்தினால் அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான்கு கால்களில் ஒன்று குட்டை.

"கடைக்குப் போறப்ப நேரா இருந்துச்சா?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

"இருந்துச்சும்மா."

"அப்ப ஏன்டா கேக்க மாட்டேங்கற? இந்த வாய வச்சிக்கிட்டு எந்த வூட்டுலடா ஒனக்குப் பொண்ணு குடுப்பாங்க?"

குட்டைக் காலையும் மாற்றிக்கொண்டு வந்தான். சிந்து இந்தத் தடவை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கறி கோக்கும் கம்பிகள் ஒரு கட்டு வாங்கினான்.

வெள்ளிக்கிழமை அடுப்பு ஒருவழியாக எரிந்தது. மூடி சேர்ந்தது, டியூப் பொருந்தியது, நான்கு கால்களும் தரையில் நின்றன. கறி கைவசம் இல்லாததால் பச்சையம்மாள் கத்திரிக்காயை வைத்துச் சுட்டு கொத்சு பண்ணினாள். சாப்பிட்டுவிட்டு, "அடுப்பு நல்ல அடுப்புதான்" என்று ஒத்துக்கொண்டாள். இளவரசனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனிமேல் கடைக்குப் போக ஒரு காரணமும் இல்லை என்பது இரண்டாவது தோசையின்போது நினைவுக்கு வந்தது. அதோடு எழுந்துவிட்டான்.

சனிக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அரியலூருக்குக் கொண்டுபோனான். பெட்டி முகத்தை மறைத்ததால் கண்டக்டர் இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போய்விட்டார். டிக்கெட் வாங்க அவனேதான் கூப்பிட வேண்டியிருந்தது. பெட்டியைச் சிவசுப்பிரமணியனின் அறையில் வைத்தார்கள். சிலிண்டரை அவர் தன் காரில் கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தோப்பில் நல்ல காற்று. பெரிய டப்பாவில் மசாலா தடவிய கோழி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பனீர், குடமிளகாய், வெங்காயம். எல்லோரும் தட்டோடு சுற்றி உட்கார்ந்தார்கள். இளவரசன் கால்களை விரித்தான், தட்டைச் செருகினான், டியூபை மாட்டினான், கம்பியை வைத்தான். திருப்பப் போனால் திருப்ப எதுவும் இல்லை.

கேஸைத் திறக்கத் திருகுகிற இரண்டு நாப்பும் காணோம். இருந்த இடத்தில் இரண்டு சிறிய உலோகக் குச்சிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

பெட்டியைக் கவிழ்த்தார்கள். காரைத் துழாவினார்கள். களத்தைச் சுற்றிச் சருகைக் கிளறினார்கள். கோழி டப்பாவுக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தார்கள்.

"லூசா மாட்டிக் குடுத்திருக்கா. வழியில கழண்டு விழுந்திருக்கு" என்றாள் மஞ்சு. "மூடி, டியூபு, காலு, இப்ப நாப்பு! ஒரு மனுஷன எத்தன தடவதான் ஏமாத்துவாங்க? இன்னிக்கு நீ கேட்டே ஆகணும். எடு போன."

"கேக்கட்டும், கேக்கட்டும்" என்றார் சிவசுப்பிரமணியன், ஒரு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி. "ஸ்பீக்கர்ல போடு தம்பி. எல்லாருக்கும் பசி. ஒரு வார்த்த விடாம திட்டு."

பசித்த பதினொரு பேரும் அவனையே பார்த்தார்கள். இளவரசன் சிந்துவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த மடக்கு மேசைமேல் வைத்தான்.

"ஹலோ?"

"சிந்துங்களா? நான் இளவரசன். பார்பிக்யூ."

"தெரியுது சார். என்ன ஆச்சு?"

"ரெண்டு நாப்பும் காணோங்க."

"ரெண்டுமா? நான் ஒழுங்கா முடுக்கலியோ என்னமோ."

மஞ்சு காற்றில் கையை ஓங்கி ஓங்கிக் காட்டினாள். இளவரசன் நிமிர்ந்து நின்றான். மூச்சை இழுத்தான். "இங்க பாருங்க..." என்றான் உரக்க.

எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"இங்க பாருங்க, ஞாயித்துக்கெழம சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டதுக்குத் தப்பா நெனச்சுக்காதீங்க."

யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். மஞ்சு எழுந்து ஒரு முந்திரி மரத்தடிக்குப் போய்விட்டாள்.

போனில் சிந்துவின் குரல் வந்தது. "சார், ஒண்ணு கேக்கவா? உங்களுக்குக் கோவமே வராதா?"

"வருங்க. காலைலேர்ந்து வருது. பன்னெண்டு பேரு பசியோட உக்காந்திருக்கோம். ஆனா உங்கள்ட்ட கத்துனா நாப் வந்துடுமா? அதுவும் இல்லாம, நீங்க எவ்வளவு பொறுமையா கேட்டுக் கேட்டு இந்த அடுப்ப எடுத்துக் குடுத்தீங்க. அத மறந்துட்டு ஒரு நாப்புக்காகக் கத்தச் சொன்னா எனக்கு முடியாது. குறடு வச்சு திருகலாமா? ஆபத்து ஒண்ணும் இல்லியே? அத மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

சிவசுப்பிரமணியன் கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்து வந்தார். பேண்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, இரண்டு கறுப்பு நாப்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"போதும்மா சிந்து, மாமா பேசறேன். மூடி மாறுனது மட்டுந்தான் நெசத் தப்பு, மத்ததெல்லாம் கோவக்காரன் வேணாம்னு நீ வச்ச பரீட்சைன்னு தம்பிகிட்ட நானே சொல்லிடறேன், நீ உங்கம்மாவ நாளைக்கே மாப்பிள்ள வூட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லு!"