மாப்பிள்ளைக்கு, மூடாத வாயுடன்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. தங்கள் அத்தை சௌக்கியம். என்னைப் பொறுத்தவரை, பேனா பிடிக்கிற கை நன்றாக இருக்கிறது. மற்றதைக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேச வாய் வேண்டும், அதுதான் இப்போது விவகாரமே. தாங்கள் மாப்பிள்ளை, தங்களை ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல எனக்கு நா எழாது. ஆகவே இந்தக் கடிதத்தில் எங்காவது கோபம் தென்பட்டால் அது பல் டாக்டர்கள் மேல் என்று வைத்துக்கொள்ளவும்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அங்கேயே வந்துவிடுவது என்று முடிவாகி, எந்தப் பாத்திரம் யாருக்கு என்று தங்கள் அத்தை பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் தாங்கள் போன் செய்தீர்கள். "மாமா, வர்றதுக்கு முன்னாடி பல்லு வேலையெல்லாம் அங்கேயே முடிச்சிட்டு வந்துடுங்க. இங்க பல்லுல கை வச்சா வீட்டையே எழுதி வாங்கிடுவாங்க. ஒரு பல்லுக்கு ஆகுற செலவுல ஒரு பிளேன் டிக்கெட் எடுத்துடலாம்" என்றீர்கள். நான் "ஆகட்டும் மாப்பிள்ளை" என்றேன். தாங்கள் சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? தாங்கள் சொன்னீர்கள் என்றுதான் ஸ்கூட்டரை விற்றேன். தாங்கள் சொன்னீர்கள் என்றுதான் காலையில் எழுந்து, நாய்களெல்லாம் குரைக்கக் குரைக்க, நடை போகிறேன். ஆனால் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கழற்றி, துடைத்து, ஆயில் விட்டு, அப்புறம் அனுப்பி வை என்பதற்கு நான் என்ன பழைய மோட்டாரா? நாங்கள் வருவதற்கு இரண்டு டிக்கெட். என் வாயில் எப்படியும் நாலு பல்லாவது தேறாது. அப்படியானால் எங்கள் இருவரையும்விட என் வாய் விலை அதிகம் என்று ஆகிறது. இதைத் தங்கள் அத்தையிடம் சொன்னேன். "அது எனக்குக் கல்யாணமான புதுசுலேயே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தைத் துடைக்கப் போய்விட்டாள்.

காகித ஆலையின் கொள்முதல் பிரிவில் நான் வேலை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். மூன்று இடத்தில் விலை கேட்காமல் ஒரு குண்டூசி வாங்கியவன் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஆபீசில் எனக்கு வைத்திருந்த பெயர் 'மூணு கொட்டேஷன்'. நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். பல்லையும் அந்த முறைப்படியே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். முதலில் போனது செருப்புக் கடைக்கு மேலே இருக்கிற மாடி டாக்டரிடம். தங்கள் அத்தை சொன்ன ஆள். படி செங்குத்து. தங்கள் அத்தை பாதியில் நின்று, கீழே கடை வாசலில் தொங்குகிற செருப்புகளை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினாள். இறங்கும்போதும் அதே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வயதில் செருப்பு ஆசை எதற்கு என்று கேட்டேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். மாடி டாக்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்து, ஒரு கம்பியால் அங்கங்கே தட்டி, "நாலு பல்லுல வேலை இருக்கு சார்" என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் தொகையை எழுதி நீட்டினார். உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள் என்றேன். "எதுக்கு சார்?" என்றார். மற்ற விலைகளோடு சேர்த்து ஒரே நாளில் பிரிக்க வேண்டும் என்றேன். மனுஷன் தங்கள் அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

இரண்டாவது, மீன்தொட்டி டாக்டர். கண்ணாடிக் கதவு, குளிர், தொட்டிக்குள் ஒற்றை மீன். அது என்னையே பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த மீன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இவர் கணக்கில் ஒன்பது பல். விலையைக் கேட்டால், ஒரு ஜோடி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற வழவழப்புப் புத்தகத்தைக் கொடுத்து, மாதத் தவணையும் உண்டு என்றார். அந்த ஜோடிக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லையே, அவர்கள் இங்கே எதற்கு வந்தார்கள் என்று கேட்டேன். அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்றாவது, திரை டாக்டரம்மா. வாய்க்குள் ஒரு காமிராவை விட்டு, என் கடைவாய்ப் பல்லைக் கதவளவுக்குச் சுவரில் காட்டியது அந்தப் பெண். இத்தனை வருஷம் நான் சோறு போட்டு வளர்த்தது இதையா என்று எனக்கே அருவருப்பாகிவிட்டது. "எதைச் சரி பண்ணணும்னு கேக்காதீங்க அங்கிள், எதை விட்டு வைக்கலாம்னு கேளுங்க" என்றது. அந்த அம்மா அனுப்பிய விலை தங்கள் அத்தையின் போனுக்கு வந்தது. அவள் அதை மற்ற உறைகளைப் பிரிப்பதற்கு முன்பே திறந்து படித்துவிட்டாள்! எங்கள் ஆலையில் இப்படி நடந்திருந்தால் விசாரணையே வைத்திருப்பார்கள். இங்கே யாரை விசாரிப்பது? போல்ட் வாங்கினால், போல்ட் எது என்பதிலாவது மூன்று பேருக்கும் ஒரே கருத்து இருக்கும். இங்கே ஒரே வாய், ஆளுக்கொரு எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு விலையை எப்படி ஒப்பிடுவது?

சரி, அந்த ஊர் விலையாவது தெரியட்டும் என்று தங்களிடம் மூன்று விலை கேட்டு அனுப்பச் சொன்னேன். தாங்கள் ஒன்றுகூட அனுப்பவில்லை. "மாமா, இங்க போன்லயெல்லாம் விலை சொல்ல மாட்டாங்க. வாயைத் திறந்து பாக்குறதுக்கே தனியா காசு" என்றீர்கள். பார்ப்பதற்குக் காசா? சரக்கைக் காட்டக் காசு கேட்டவனை நான் ஆலை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளை. பின்னால் என் மகள், "அப்பாகிட்ட இதெல்லாம் ஏன் சொல்றீங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னதும் என் காதில் விழாமல் இல்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு யாரும் இன்னும் விலை கேட்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, முறைதான் பொறுப்பு. விலை ஒத்துவராத இடத்தில் மாதிரி வாங்கிப் பார்ப்பதுதான் வழக்கம். மெஷினுக்கு ஒரு பெல்ட் வாங்கினால்கூட, மொத்த ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்ப்போம். ஆகவே மூன்று டாக்டருக்கும் ஆளுக்கு ஒரு பல் கொடுத்தேன். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை. தொழிலில் அது தர்மம். மாடி டாக்டர் இடது பக்கம் கீழே ஒன்றை அடைத்தார். மீன்தொட்டிக்காரர் அதற்கு நேர் மேலே ஒரு கேப் மாட்டினார், குளியலறைச் சுவருக்குப் பதிக்கிற ஓடு மாதிரி வெள்ளை வெளேரென்று. டாக்டரம்மா வலது பக்கம் ஒன்று. மூன்று பேருமே ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, உயரம் பார்த்துத் தேய்ச்சு விடணும்." நான் போவேனா? சரக்கைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது விற்றவனை அதில் கை வைக்க விட்டால் அப்புறம் சோதனைக்கு என்ன அர்த்தம்? கொடுத்தபடியே ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. இடது பக்கம் மேலும் கீழும் முட்டிக்கொண்டு நிற்கிறது, வலது பக்கம் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை, நடுவில் காற்று போய் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. கடிக்க முடிந்தால்தானே? பாலில் ஊறவைத்த ரொட்டியையே நாக்கால் நசுக்கி விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

கேட்கப் போனால் மாடி டாக்டர், "நான் அடைச்சது சரியாத்தான் இருக்கு, மேல இருக்கறது உயரம்" என்கிறார். மீன்தொட்டிக்காரர், "கீழ இருக்கறது உயரம். அதை யாரு சார் பண்ணா?" என்கிறார். டாக்டரம்மா திரையில் பார்த்துவிட்டு, "ரெண்டுமே உயரம் அங்கிள்" என்று சொல்லி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இதற்கிடையில் வீட்டைப் பார்க்கக் குடித்தனக்காரர் வந்தார். வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். முடியாது என்று முகத்திலேயே காட்டினேன். அவர் ரொம்ப சந்தோஷமாகத் தங்கள் அத்தையிடம் போய், "ஐயா சிரிச்ச முகமாவே சரின்னுட்டாரும்மா" என்று சொல்லி முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உதடு மூடவில்லை என்றால் ஊர் உலகம் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறது, மாப்பிள்ளை. வயிறு எரிந்துகொண்டு நிற்கிறேன், எல்லாரும் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

உச்சகட்டம் நேற்று. விசா மனுவுக்குப் போட்டோ. வாய் மூடியிருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது என்று விதியாம். போட்டோக் கடைக்காரர், "சார், சிரிக்காதீங்க" என்றார். "நான் சிரிக்கலை" என்றேன். "பல்லு தெரியுது சார், வாயை மூடுங்க." "மூடித்தான்யா இருக்கு!" உதட்டை இழுத்து வலுக்கட்டாயமாக மூடினால் பலூன் ஊதுகிறவன் மாதிரி இருக்கிறது. கையால் பிடித்து மூடினால் கையும் படத்தில் விழுகிறது. கடைசியில் அவர் விளக்கை அணைத்துவிட்டு, "ஒரு வாரம் கழிச்சு, மனசு அமைதியா இருக்கும்போது வாங்க சார்" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். ஆக, வெளிநாடு போவதற்காகப் பல்லைச் சரி செய்தேன், பல்லைச் சரி செய்ததால் வெளிநாடு போக முடியவில்லை. இதைத்தானே தாங்கள் விரும்பினீர்கள்?

மன்னிக்கவும். கை தன்னால் எழுதிவிட்டது. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை யார் வீட்டிலும் செலவாக இருந்ததில்லை. அப்பன் வீட்டில் இருந்தபோதும் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அங்கே வந்தால் இந்த மனுஷனுக்கு அடுத்து என்ன கழலும், அதற்கு என்ன ஆகும் என்று தாங்கள் மனதுக்குள் கூட்டிக்கொண்டே இருப்பீர்களோ என்று இருக்கிறது. அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. இதுதான் விஷயம், மற்றதெல்லாம் பல். ஆகவே நாங்கள் வருவதாக இல்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவும். குடித்தனக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தாங்களும் என் மகளும் வாய்நிறையச் சொந்தப் பல்லோடு, எந்த டாக்டர் வீட்டுப் படியும் ஏறாமல் நீண்டகாலம் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்.

பி.கு.: தங்கள் அத்தை படிக்காமல் இந்த வீட்டிலிருந்து எதுவும் தபாலுக்குப் போவதில்லை. நின்றபடியே முழுக்கப் படித்தாள். கோபப்படவில்லை. "பாவம், அந்தப் பிள்ளையை ஏங்க திட்றீங்க? நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு வருஷமா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கீங்க. கேட்டா ஒண்ணுமில்லைம்பீங்க. ராத்திரியில கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கறது எனக்குத் தெரியாதா? நான் சொன்னா கேப்பீங்களா? மாப்பிள்ளை சொன்னா தட்ட மாட்டீங்க. அங்க விலை ரொம்ப ஜாஸ்தின்னும் சேர்த்துச் சொல்லுங்க, அப்பத்தான் கிளம்புவாருன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை, 'மாமா மனசு கஷ்டப்படுமே அத்தை'ன்னு ரெண்டு நாள் தயங்குச்சு." ஸ்கூட்டரும் காலை நடையும்கூட அவள் ஏற்பாடுதானாம்! என் வாழ்நாளில் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவன் நான், ஒருவனும் என்னை இப்படி வளைத்ததில்லை. மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றேன். "அப்படியே அனுப்புங்க, யாரைக் கூட்டிட்டு வரப் போறோம்னு அவங்களுக்கும் தெரியட்டும்" என்கிறாள். ஆகவே திட்டியதைத் திட்டாகக் கொள்ள வேண்டாம். டிக்கெட் இருக்கட்டும். நாளைக்கு மாடி டாக்டரிடம் போய், விலை கேட்காமல், மூன்றையும் தேய்த்துக்கொண்டு வருகிறேன்.

இன்னொரு பி.கு.: இதை அவள் சமையலறைக்குப் போன பிறகு, உறையை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். மாடி டாக்டரின் படியில் அவள் செருப்பைப் பார்க்கவில்லை என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கொஞ்ச நாளாகத் தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள். தயவுசெய்து தாங்கள் ஒரு போன் செய்து, முழங்கால் வைத்தியத்துக்கு அங்கே கொள்ளை விலை, கிளம்புவதற்கு முன் இங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். அங்கே உண்மையில் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கவும் வேண்டாம்.